ஒரே பட்டறை, இரண்டு பொருள்: உங்கள் ஃப்ரேம் ஜோடி எது?

எதிர்காற்று | மஞ்சக்குப்பம், கடலூர்

போன வாரம் "கார்பனா ஸ்டீலா" இழை இருநூறு பதிவு ஓடி, யாரும் யார் மனதையும் மாற்றாமல் படுத்துவிட்டது. ஒருவர் மெலிந்த டயர் போட்ட ரேஸ் கார்பனைச் சொல்கிறார், இன்னொருவர் கேரியர் வைத்த டூரிங் ஸ்டீலைச் சொல்கிறார். செய்தவர் வேறு, கோணம் வேறு, டயர் வேறு. இதில் பொருளைப் பற்றி என்ன தெரிந்துகொள்வது?

அதனால் இங்கே ஒரே ஒரு நிபந்தனை. ஒரே ஆள், அல்லது ஒரே பட்டறை, இரண்டு வேறு பொருளில் செய்த இரண்டு ஃப்ரேம்களைச் சொல்லுங்கள். சொந்தமாக இருக்க வேண்டியதில்லை. நம்மில் எத்தனை பேரிடம் இருக்கப் போகிறது!

முதலில் என்னுடையது. கொல்நாகோ மாஸ்டர், கொல்நாகோ சி60.

மாஸ்டர் 1983-இல் வந்த ஸ்டீல் ஃப்ரேம். குழாய் உருண்டையாக இருக்காது. நீளவாக்கில் உள்ளே அமுக்கியிருப்பார்கள். குறுக்கே வெட்டிப் பார்த்தால் நட்சத்திரம் தெரியும். சி60 2014-இல், கம்பெனியின் அறுபதாம் ஆண்டுக்கு வந்த கார்பன். அதற்குள் உலகமே கார்பனை அச்சில் போட்டு ஒரே துண்டாக வார்க்க ஆரம்பித்துவிட்டது. எர்னெஸ்டோ கொல்நாகோ மட்டும் விடாப்பிடியாகத் தனித்தனிக் குழாய், லக் (குழாய் முனைகள் நுழையும் மூட்டுத் துண்டு) வைத்து இணைப்பு என்றே போனார். குழாயிலும் அதே நட்சத்திர மடிப்பு. இடையில் 1994-இல் வந்த சி40-யும் லக் வைத்த கார்பன்தான். பாரிஸ்-ரூபே பந்தயத்தின் கற்சாலையில் கார்பன் தாங்குமா என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தபோது, 1995-இல் பல்லெரினி அதில் ஜெயித்தார். மறு வருடம் மாப்பேய் அணி முதல் மூன்று இடத்தையும் எடுத்தது.

முப்பது வருடம் தள்ளி வந்த இரண்டு ஃப்ரேம். ஆனால் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் ஒரே கையெழுத்து. அதற்காகத்தான் இந்த ஜோடி.


லேத்து | நெல்லித்தோப்பு

தம்பி, அழகுக்குச் சரி. நட்சத்திரம் வைத்தால் முறுக்கம் குறையும் என்று விளம்பரத்தில் எழுதுவார்கள், அதை நம்பாதீர்கள். மெல்லிய சுவருள்ள மூடிய குழாயின் முறுக்கு விறைப்பு, அது உள்ளே அடைக்கும் பரப்பைப் பொறுத்தது. ஒரே சுற்றளவுத் தகட்டை எப்படி மடித்தாலும் வட்டம்தான் அதிகப் பரப்பை அடைக்கும். நட்சத்திரமாக அமுக்கினால் பரப்பு குறையும், விறைப்பும் குறையும். கணக்கு அவ்வளவுதான்.


எதிர்காற்று

அப்படியானால் அந்த மடிப்பு எதற்கு அண்ணே?


லேத்து

தகரக் கூரையில் நெளி எதற்கு? சுவர் மெலிந்த குழாய் நசுங்காமல், சொட்டை விழாமல் இருக்க மடிப்பு உதவும். அந்தப் பக்கமாகப் பார்த்தால் ஸ்டீலில் நியாயம் உண்டு. கார்பனில் சுவரை எங்கே வேண்டுமோ அங்கே தடிப்பாக்கிக்கொள்ளலாம், இழையை எந்தச் சாய்விலும் போடலாம். அங்கே நட்சத்திரம் பெரும்பாலும் குடும்ப அடையாளம். தப்பு என்று சொல்லவில்லை. என் தாத்தா மீசையை நானும்தான் வைத்திருக்கிறேன்.

என் ஜோடிக்கு வருகிறேன். டாரியோ பெகொரெட்டி. இத்தாலியின் வடக்கே மலைப் பக்கத்து ஆள், 2018-இல் இறந்துவிட்டார். அலுமினியத்தில் "லவ் #3". துருப்பிடிக்காத ஸ்டீலில் "ரெஸ்பொன்சோரியம்". இரண்டும் டிக் வெல்டிங், அதாவது லக் இல்லாமல் குழாயோடு குழாயை நேராகப் பற்றவைத்தது. பெயிண்ட் ஒவ்வொன்றுக்கும் கையால், தோன்றியபடி அடிப்பார். ஒன்று போல இன்னொன்று இருக்காது.

நான் வெல்டிங் பார்த்துச் சோறு தின்னும் ஆள், அதனால் என் கண் அங்கேதான் போகும். ஸ்டீலில் சூடு கொஞ்சம் ஏறினாலும் மன்னிக்கும். 6061 என்ற வகை அலுமினியம் மன்னிக்காது. பற்றவைத்த இடம் மெத்தென்று ஆகிவிடும். முழு ஃப்ரேமையும் மறுபடி அடுப்பில் வைத்து, தண்ணீரில் குளிரவைத்து, திரும்பவும் பதப்படுத்தினால்தான் பலம் வரும். அதில் ஃப்ரேம் கோணலானால் நிமிர்த்தவும் வேண்டும். 7005 வகைக்கு அந்த முதல் அடுப்பு வேண்டாம், அதனால்தான் சின்னப் பட்டறைகள் அதை விரும்பின. இரண்டு உலோகத்திலும் பேர் வாங்கிய ஒரு கை என்றால், அது இரண்டு மடங்கு படித்த கை.


செம்மண் தடம் | குயிலாப்பாளையம்

வணக்கம். உலோகத்தை விட்டு வெளியே வரலாமா? என் ஜோடி கால்ஃபீ கார்பன், கால்ஃபீ மூங்கில்.

கிரெய்க் கால்ஃபீ கலிபோர்னியாக்காரர். 1991 டூர் டி பிரான்சில் கிரெக் லெமாண்ட் அணி ஓட்டிய கார்பன் ஃப்ரேம்கள் அவர் பட்டறையில் செய்தவை. அதே ஆள் 1990களின் நடுவில் மூங்கிலில் ஒன்று செய்தார். அவருடைய நாய் கடித்து விளையாடிய குச்சிகளில் மூங்கில் மட்டும் உடையவில்லை, அதைப் பார்த்து யோசனை வந்ததாம். முதலில் கண்காட்சியில் ஆள் சேர்க்கத்தான் செய்திருக்கிறார். ஓட்டிப் பார்த்ததும் விட மனம் வரவில்லை. பிற்பாடு கானாவில் மூங்கில் சைக்கிள் செய்யக் கற்றுக்கொடுக்கவும் போனார்.

எனக்குப் பிடித்தது என்னவென்றால், இரண்டும் அடிப்படையில் ஒரே சமாச்சாரம். கார்பன் ஃப்ரேம் என்பது பிசினுக்குள் கார்பன் இழை. மூங்கில் என்பது லிக்னினுக்குள் செல்லுலோஸ் இழை. ஒன்றைத் தொழிற்சாலை அடுக்கியது, இன்னொன்றைப் புதர் அடுக்கியது. மூட்டுகளையும் அவர் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் கட்டுகிறார். மூங்கிலில் சணல் வகை நாரை எபாக்ஸியில் நனைத்துச் சுற்றுவார்கள். கார்பனில் கார்பன் இழையையே சுற்றுவார்கள். மூங்கிலைப் புகையிலும் சூட்டிலும் பதப்படுத்தித்தான் எடுக்கிறார்கள். பச்சையாக வெட்டி ஒட்டினால் காயும்போது வெடிக்கும்.

இதை யாரும் புதுசு என்று நினைக்க வேண்டாம். 1890களிலேயே இங்கிலாந்தில் மூங்கில் சைக்கிள் விற்றிருக்கிறார்கள்.


லேத்து

மூங்கில் ஓட்டியிருக்கிறீர்களா?


செம்மண் தடம்

கால்ஃபீ இல்லை. ஆரோவில் வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் தானே கட்டிக் கொண்டுவந்ததை ஒரு மாலை கொடுத்தார். செம்மண் ரோட்டில் சின்ன அதிர்வு எல்லாம் கைக்கு வரவே இல்லை. ஆனால் எழுந்து நின்று மிதித்தால் பின்பக்கம் ஆடுவது தெரிந்தது. அது மூங்கிலின் குணமா, அவர் கட்டிய கட்டா என்று என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் எதிர்காற்று போட்ட நிபந்தனை எனக்குப் பிடித்தது.


பிரெவே அக்கா | லாஸ்பேட்டை

எல்லோரும் ஃப்ரேமைப் பற்றியே பேசுகிறீர்கள். "சின்ன அதிர்வு கைக்கு வரவில்லை" என்றால் முதலில் டயர் அகலத்தையும் காற்றையும் சொல்லுங்கள். முக்கோணமாகக் கட்டிய ஃப்ரேம் மேலும் கீழுமாக அமுங்குவது மிகக் கொஞ்சம். 32 மில்லிமீட்டர் டயரில் கொஞ்சம் காற்றைக் குறைத்தால், அதைவிடப் பல மடங்கு டயரே அமுங்கிக்கொடுக்கும். சீட் போஸ்ட்டும் ஃபோர்க்கும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ஸ்டீல் மெத்தென்று இருக்கும், அலுமினியம் குத்தும் என்பதில் பாதி, அந்தக் காலத்து அலுமினிய ரேஸ் சைக்கிளில் 23 டயரை இறுக அடித்து ஓட்டியவர்கள் கிளப்பிவிட்ட கதை.

சரி, ஜோடி கேட்டீர்கள். ரிச்சி பிரேக்-அவே, ஸ்டீலிலும் டைட்டானியத்திலும். பார்க்கக் கவர்ச்சியே கிடையாது. கீழ்க்குழாயில் பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சு சுழலும் இடம்) பக்கம் ஒரு சின்னக் கிளாம்ப், மேலே சீட் போஸ்ட்டே பூட்டு. ஃப்ரேம் இரண்டாகக் கழன்று பெட்டிக்குள் போய்விடும். சாதாரண ஃப்ரேமைவிடச் சுமார் 100 கிராம்தான் கூடுதல் என்று கம்பெனி சொல்கிறது. டாம் ரிச்சி இரண்டு பொருளிலும் ஏறக்குறைய ஒரே வரைபடத்தைத்தான் வைத்தார். அதனால் இந்த இழைக்கு இதைவிட நேர்மையான ஜோடி கிடையாது.

எனக்கு ஏன் என்றால், பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் நெடுந்தூர ஓட்டம். 1,200 கிலோமீட்டர், 90 மணி நேரம், நான்கு வருடத்துக்கு ஒரு முறை, அடுத்தது 2027. பெரிய அட்டைப் பெட்டியோடு விமான நிலையத்தில் கெஞ்சுவதைவிட சூட்கேஸ் மேல். இங்கே நம்மூர் பிரெவேயில் (நேர வரம்பு வைத்த நெடுந்தூர ஓட்டம்) 200 கிலோமீட்டருக்கு 13½ மணி நேரம், 300-க்கு 20 மணி நேரம், அதற்கெல்லாம் எந்த ஃப்ரேம் என்பது கடைசிக் கவலை. சேடில், டயர், தண்ணீர், விளக்கு. இந்த வரிசைதான்.


எதிர்காற்று

அக்கா, ஒரே வரைபடம் என்றால், ஸ்டீலுக்கும் டைட்டானியத்துக்கும் வித்தியாசம் தெரியுமா தெரியாதா?


பிரெவே அக்கா

மரக்காணம் உப்பளம் தாண்டும்போது தெரியும்.

சொல்கிறேன். எங்கள் குழுவில் ஸ்டீலும் இருக்கிறது, டைட்டானியமும் இருக்கிறது. ஈசிஆரில் விடியற்காலை ஓட்டிவிட்டு வந்தால் ஃப்ரேம் மேல் விரலை வைத்து நக்கிப் பாருங்கள், உப்பு கரிக்கும். ஸ்டீல்காரர் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, பெயிண்ட் உரிந்த இடத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். வெளியே தெரியும் துரு பரவாயில்லை. குழாய்க்குள்ளே போவதுதான் வினை. டைட்டானியம்காரர் சாய்த்து வைத்துவிட்டுக் காபிக்குப் போய்விடுவார். கடல் உப்பு அதை ஒன்றும் செய்யாது. நம் ஊருக்கு அதுதான் வித்தியாசம், ஓட்டத்தில் இல்லை.


லேத்து

அக்கா சொன்னதுக்கு எண்ணில் ஒரு வால். ஸ்டீல் கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், விறைப்பெண் 200 கிகாபாஸ்கல். டைட்டானியம் 4.5 கிராம், 105 முதல் 110 வரை. அலுமினியம் 2.7 கிராம், 69. விறைப்பை எடையால் வகுத்துப் பாருங்கள், மூன்றும் 25-ஐ ஒட்டியே நிற்கும். அதாவது இயற்கை எந்த உலோகத்துக்கும் சலுகை தரவில்லை.

வித்தியாசம் வருவது குழாயின் விட்டத்தால். விட்டத்தை இரண்டு மடங்காக்கி, சுவரைப் பாதியாக்கினால் எடை மாறாது, வளைவு விறைப்பு நான்கு மடங்காகும். ஸ்டீலில் அப்படிச் செய்ய முடியாது, சுவர் காகிதமாகிவிடும், கை பட்டால் சொட்டை. அலுமினியம் லேசு என்பதால் சுவருக்கு இடம் உண்டு. ஆகவே தடித்த குழாய். கேனன்டேல், கிளைன் எல்லாம் 1980களில் செய்தது அதுதான். அதே அலுமினியத்தை ஸ்டீல் அளவிலேயே மெல்லிய குழாயாக வைத்து ஒட்டிய வைட்டஸ் 979 என்ன பேர் வாங்கியது? நல்ல கனமான ஆள் ஏறினால் நெளியும் என்று. ஷான் கெல்லி அதில் ஜெயித்துக்கொண்டே இருந்தார் என்பது வேறு கதை.

எனவே "அலுமினியம் விறைப்பு, டைட்டானியம் மெத்து" என்று பொதுவாகச் சொல்வதில் பொருள் இல்லை. எந்த விட்டம், எந்தச் சுவர், யார் தீர்மானித்தது என்று கேளுங்கள்.

ஒன்றில் மட்டும் நிஜமான வித்தியாசம் உண்டு. ஸ்டீலுக்கும் டைட்டானியத்துக்கும் ஒரு எல்லைக்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் களைப்பு ஏறாது. அலுமினியத்துக்கு அந்த எல்லை கிடையாது. அதனாலும் அதைத் தடியாக, ஆடாமல் செய்தாக வேண்டும்.


ஓ.டி. பையன் | கடலூர் முதுநகர்

இவ்வளவு பெரிய ஆட்களுக்கு நடுவில் எங்கள் வீட்டு ஜோடியைச் சொன்னால் சிரிப்பீர்களா? ஹெர்குலஸ் ரோட்ஸ்டர், மான்ட்ரா. முதலாவது தாத்தாவுடைய ஸ்டீல். ராட் பிரேக், செயின் கவர், பின்னால் மூட்டை கட்டும் கேரியர். மீன் கூடை ஏற்றி ஹார்பரிலிருந்து திருப்பாதிரிப்புலியூர் வரை போயிருக்கிறது. இரண்டாவது என்னுடைய அலுமினிய ஹைப்ரிட். இரண்டும் டிஐ சைக்கிள்ஸ்தானே? நிபந்தனைக்குள் வருமா?


எதிர்காற்று

வராமல்! இந்த இழையில் உருப்படியாக இரண்டையும் சொந்தமாக வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான் தம்பி.


லேத்து

சிரிக்கவா? இதைக் கேளுங்கள். அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் 1949-இல் முருகப்பா குடும்பமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து ஆரம்பித்தது. அந்த இங்கிலாந்துக் குழுமத்துக்குள்தான் ஹெர்குலஸும் இருந்தது, ரெனால்ட்ஸ் குழாய்க் கம்பெனியும் இருந்தது. ஆமாம், 1935-இல் ரேஸ் ஃப்ரேம்களில் பேர் வாங்கிய 531 ஸ்டீல் குழாயைக் கொண்டுவந்த அதே ரெனால்ட்ஸ். ஆக வெள்ளைக்காரன் ரேஸ் ஃப்ரேமும் உங்கள் தாத்தாவின் மீன் சைக்கிளும் பங்காளிகள்.

உங்கள் ஜோடிதான் இங்கே சரியான பாடமும்கூட. ரோட்ஸ்டரின் முன் ஃபோர்க் எவ்வளவு சாய்ந்து முன்னால் வளைந்திருக்கிறது, சக்கரத்துக்குச் சக்கரம் எவ்வளவு நீளம் என்று மான்ட்ராவோடு வைத்து அளந்து பாருங்கள். மூட்டை ஏற்றி மேடு பள்ளத்தில் மெதுவாகப் போக ஒன்று, தார் ரோட்டில் ஒரு ஆள் வேகமாகப் போக ஒன்று. ஓட்டத்தில் நீங்கள் உணர்வது அந்த அளவுகளை, உலோகத்தைப் பிறகுதான்.


ஓ.டி. பையன்

கேப்பர் மலை ஏற்றத்தில் ஜெயில் பக்கம் இரண்டையும் ஏற்றிப் பார்த்தேன். தாத்தா சைக்கிளில் இறங்கித் தள்ளினேன். மெட்டீரியலாம், கோணமாம்! கியர் இல்லை, அவ்வளவுதான்.


செம்மண் தடம்

ஹா ஹா. இந்த இழையின் சிறந்த பதிவு.

ஒரு சந்தேகம். "ஒரே பட்டறை" என்பது எவ்வளவு தூரம் உண்மை? பெரிய பெயர்களில் பலர் பொருள் மாறினால் வேறு இடத்தில் செய்து வாங்கி ஸ்டிக்கர் ஒட்டுகிறார்களே.


எதிர்காற்று

உண்மை. பெல்ஜியப் பந்தய வீரர் எட்டி மெர்க்ஸ் பெயரில் வந்த டைட்டானியம் ஃப்ரேம்களை அமெரிக்காவில் லைட்ஸ்பீட் செய்து கொடுத்தது. ஸ்டீல் பெல்ஜியத்தில் அவருடைய பட்டறையிலேயே. கொல்நாகோவிலும் சி வரிசை இத்தாலியில், வி வரிசை தைவானில். நான் சி60 என்று குறிப்பாகச் சொன்னது அதனால்தான்.


லேத்து

தைவான் என்றால் மட்டம் என்று யாரும் எடுத்துக்கொள்ளாதீர்கள். டைட்டானியத்தை மெர்க்ஸ் லைட்ஸ்பீடிடம் விட்டது புத்திசாலித்தனம். அதைப் பற்றவைக்கும்போது வெளியே மட்டுமில்லை, குழாய்க்குள்ளேயும் ஆர்கான் நிரப்ப வேண்டும். காற்று பட்டால் கெட்டுவிடும். வெல்டு வெள்ளியாகவோ லேசான வைக்கோல் நிறமாகவோ இருந்தால் சரி. நீலம் ஓடியிருந்தால் எனக்கு வேண்டாம். தெரியாத வேலையைத் தெரிந்தவனிடம் கொடுப்பதில் என்ன கேவலம்? ஆனால் இந்த இழையின் நிபந்தனைப்படி அது ஜோடி ஆகாது, அதுவும் சரி.

இடையில் ஒரு வயிற்றெரிச்சல். டைட்டானியத்துக்கு வேண்டிய இல்மனைட் தாது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலேயே கிடக்கிறது. ஃப்ரேம் மட்டும் கடல் தாண்டி வந்து, சுங்கம் கட்டி, ஒரு நல்ல மோட்டார் சைக்கிள் விலையில் நிற்கிறது.


சொல்தா பேரன் | குருசுக்குப்பம், புதுச்சேரி

ரொம்ப நாளாகப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். என்னிடமும் ஒரு ஜோடி உண்டு, பாதி இங்கே, பாதி லியோனில். பெஷோ பிஎக்ஸ்-10, பெஷோ பிஒய்10எஃப்சி.

தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். ஓய்வு பெற்று ஊருக்கு வரும்போது பிஎக்ஸ்-10-ஐக் கப்பலில் போட்டுக் கொண்டுவந்தார். ரெனால்ட்ஸ் 531, லக் வைத்தது, சிம்ப்ளெக்ஸ் கியர். பீச் ரோட்டில் மாலையில் வண்டிகளை நிறுத்தியதும் அதில் போவார், தொப்பி சகிதம். லியோனில் மாமாவிடம் இருப்பது 1980களின் கார்பன்; கார்பன் குழாயை அலுமினிய லக்கில் ஒட்டியது. பெயரில் "எஃப்சி"தான் கார்பன் இழை. பிஒய்10 என்பது பெஷோ அணி வீரர்களின் ஸ்டீல் ஃப்ரேமுக்கு ஏற்கெனவே இருந்த பெயர். அந்த அணியின் தெவெனே டூர் டி பிரான்ஸ் ஜெயித்த காலத்துச் சங்கதி. பொருளை மாற்றியும் பெயரை விடவில்லை.


பிரெவே அக்கா

வாங்க! அந்தக் கார்பனை இந்த ஊருக்குக் கொண்டுவர வேண்டாம் என்று மாமாவிடம் சொல்லுங்கள். கார்பனும் அலுமினியமும் ஒட்டி இருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் இறங்கினால் பேட்டரி மாதிரிதான், அலுமினியம் அரித்துக்கொண்டே போகும், ஒட்டு விடும். அந்தத் தலைமுறை ஒட்டு ஃப்ரேம்கள் எல்லாவற்றுக்கும் உள்ள பலவீனம் அது. பிற்பாடு இடையில் கண்ணாடி இழை ஒரு சுற்று வைத்து மின்சாரம் கடக்காமல் செய்தார்கள். லியோனில் கடல் இல்லை, பத்திரமாக இருக்கட்டும்.


சொல்தா பேரன்

சொல்கிறேன் அக்கா. இப்போது உண்மையான காரணம். பிஎக்ஸ்-10-இல் பாட்டம் பிராக்கெட் பேரிங் மாற்ற வேண்டும். நேரு வீதிப் பக்கம் இரண்டு கடையில் காட்டினேன், மரை பொருந்தவில்லை என்கிறார்கள். ஒருவர், சாதாரண மரையாக அறுத்துவிடலாம் என்கிறார். கொடுக்கட்டுமா?


லேத்து

கொடுக்காதீர்கள்! பழைய பிரெஞ்சு மரை 35 மில்லிமீட்டர் விட்டம், 1 மில்லிமீட்டர் புரி. இப்போது எல்லோரும் வைத்திருக்கும் இங்கிலீஷ் மரை 34.8-ஐ ஒட்டி வரும். ஓட்டை ஏற்கெனவே பெரிது, சின்ன மரையை எப்படி அறுப்பது? பிடிப்பே இருக்காது. அறுத்தே ஆக வேண்டும் என்றால் 36 மில்லிமீட்டர் இத்தாலிய மரைக்குப் போகலாம், ஆனால் அது ஒருவழிப் பாதை. அதற்கு முன்னால் மரையே இல்லாமல் உள்ளே விரிந்து பிடிக்கும் பாட்டம் பிராக்கெட் கிடைக்கிறதா என்று இணையத்தில் தேடுங்கள்.

ஹேண்டில் ஸ்டெம் மாற்றுகிற யோசனை இருந்தால் அதுவும் 22.0, நம் ஊரில் கிடைக்கும் 22.2 உள்ளே இறங்காது. சுத்தியல் எடுக்க வேண்டாம்.

பழைய பேரிங் கப் நன்றாகத்தான் இருக்கும், உள்ளே இருக்கும் பேரிங் குண்டு மட்டும் மாற்றினால் போதும் என்று நினைக்கிறேன். ஞாயிறு காலை பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். வீட்டில் நீங்களே கழற்றுவதாக இருந்தால் ஒன்று. இங்கிலீஷ் ஃப்ரேமில் செயின் பக்கக் கப் தலைகீழ் மரை. இதில் அப்படி இல்லை. இரண்டு பக்கமும் ஒரே திசை. கடைக்காரர்கள் வழக்கப்படி திருப்பி இறுக்கியிருந்தால், முதல் நாள் ராத்திரியே எண்ணெய் விட்டு வையுங்கள்.


ஓ.டி. பையன்

ஞாயிறு நானும் தாத்தா சைக்கிளோடு வரலாமா அண்ணே? பெடல் கையை அச்சோடு பூட்டும் காட்டர் பின் சிக்கிக்கொண்டிருக்கிறது.


லேத்து

வா. அதற்குச் சுத்தியல் எடுக்கலாம்.